வெளிச்சம் போதாத தொட்டி

முதலில் உரப் பாட்டிலைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு அதை விற்ற கடைக்காரரை. அதற்கப்புறம் குழாயில் வந்த தண்ணீரை. கடைசியில்தான் என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றேன். வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தால் இத்தனை மாதம் வீணாகியிருக்காது என்று மகள் இப்போதும் சொல்கிறாள். அவளுக்கென்ன, ஐதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு எதையும் சொல்லலாம்.

நான் கணக்கு டீச்சர். சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. பரீட்சை அறையில் பிட் அடிக்கிற பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருப்பதில்லை. அது நிமிர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், முகத்தில் ஒரு சாந்தம் வேறு இருக்கும். ஒழுங்காக எழுதுகிற பிள்ளைக்கு நம்மைப் பார்க்க நேரம் ஏது? அதனால் யாராவது தேவைக்கு மேல் சாதாரணமாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

மீன்தொட்டி மகளுடையது. கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்து மேசையில் வைத்திருந்தாள். இரண்டடி நீளம், உள்ளே ஒரு கட்டை, கட்டையில் ஒட்டி வளர்கிற தடித்த இலைச் செடி, பின்னால் ரிப்பன் ரிப்பனாக நீளும் ஒரு செடி, ஓரத்தில் சிவப்புத் தண்டுடன் ஒன்று. மீன்கள் சும்மா பேருக்கு. கல்யாணமாகிப் போகும்போது "செடியப் பாத்துக்குங்கப்பா, மீனு தானாப் பொழச்சுக்கும்" என்று அவரிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. என் கையில் துளசி கூடத் தங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் தொட்டியை எடுத்துக்கொண்ட விதமே தனி. இரண்டு தெரு தள்ளி அவருக்கு லேத் பட்டறை இருக்கிறது, பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத ஆள். அலுமினியச் சட்டத்தில் விளக்கு மாட்ட ஒரு தாங்கி செய்தார். பட்டறையிலிருந்து டைமர் கொண்டுவந்து வைத்தார். மத்தியானம் தானாக எரியும், இருட்டிக் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகுதான் ஊற்றுவார். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு விடுவார். அன்றைக்கு உரம். உரம் இரண்டு பாட்டில். ஒன்றில் தழை, மணி, சாம்பல் சத்தெல்லாம் சேர்ந்த பொதுச் சத்து. இன்னொன்றில் இரும்பு கலந்த நுண்சத்து. மூடியில் கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரைக்கும்தான். ஒரு சொட்டு கூடினால் மூடியைத் திருப்பிப் பாட்டிலில் சரிப்பார். செடிகள் அப்போது அப்படி வளர்ந்தன. ரிப்பன் இலை தண்ணீர் மட்டத்தைத் தொட்டு மடங்கி மிதந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் பிளாஸ்டிக்கா என்று கேட்டார்கள், அதில் அவருக்கு ஒரே கோபம்.

பிறகு ஒருநாள் சாயந்தரம் தொட்டி முன்னால் நின்றுகொண்டு, "வெளிச்சம் பத்தல அம்மணி" என்றார்.

"இத்தன நாளாப் பத்துச்சுங்களே?"

"லைட்டு பழசாகுது. செடியெல்லாம் மங்கலா இருக்குது பாரு."

எனக்கு மங்கலாகத் தெரியவில்லை. ஆனால் தொட்டி அவருடைய பாடம், நான் மூக்கை நுழைக்கவில்லை. இரண்டாவது விளக்கு வந்தது. கொஞ்ச நாள் கழித்து டைமரைத் திருகி, காலையிலேயே எரிய வைத்தார். அப்புறம் மூன்றாவது விளக்கு. கூடத்துக்குள் நுழைந்தால் நகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி கண் கூசியது. மீன்கள் எல்லாம் கட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

விளக்கோடு நிற்கவில்லை. "எல வெளுத்துருக்குது, சத்துக் கொறவு" என்று அடுத்த பாட்டு. அவர் தொண்டாமுத்தூர்க் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் இன்னும் அங்கே தென்னையும் தக்காளியுமாக வெள்ளாமை பார்க்கிறார்கள். இலை வெளுத்தால் உரம் வை, பழுத்தால் இன்னும் கொஞ்சம் வை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. வாரம் ஒருமுறை ஊற்றிய இரும்புச் சத்து இரண்டு மூன்று தடவை ஆனது. மூடியின் கோட்டையும் மதிப்பதாகத் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பாகச் சரித்தார். ஒரு சொட்டு கூடினால் திரும்ப ஊற்றுகிற மனுஷர்!

அப்போதுதான் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசி. பிறகு கட்டைச் செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்பாக, தாடி முளைத்த மாதிரி. அதன்பிறகு ரிப்பன் செடியைச் சுற்றி நூல் நூலாகப் பச்சைச் சடை. சிவப்புத் தண்டு அடியில் அழுகி, ஒருநாள் மேலே மிதந்தது. மகளின் செடி. வீடியோவில் அவள் தொட்டியைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் நான் கேமராவை மீன் பக்கம் திருப்ப ஆரம்பித்தேன்.

உரத்தில்தான் ஏதோ கலப்படம் என்று முடிவு செய்து, பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போனேன். கடைக்காரர் இளவயசு ஆள், முன்பு எப்போதோ எங்கள் பள்ளியில் படித்தவராம். அதைச் சொன்னதும் சந்தேகம் இன்னும் கூடியது.

"உரத்துல ஒண்ணுமில்லீங் டீச்சர். வெளிச்சம் கூடிப் போச்சுங்க. வெளிச்சத்தக் கூட்டுனா செடி வேகமாத் தின்னப் பாக்கும். அதுக்குன்னு சத்த அள்ளிக் கொட்டுனா, தின்ன மாட்டாம மிச்சம் வெக்கறதப் பாசி தின்னுக்கும். ஒரே லைட்டு போதுமுங்க. நானும் சார்கிட்ட எவ்வளவோ சொல்லிப் போட்டேன்."

"அவரு கேக்கலீங்களா?"

"எல வெளுத்துருக்குது, நீங்க குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாருங்க. நான் என்னங்க பண்றது? ஒரு எலையக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்."

அடுத்த நாள் ஓர் இலையைக் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாசி இருக்குது, வாஸ்தவம். ஆனா எல வெளுக்கலீங் டீச்சர். இதுக்கு மேல பச்சை ஆகோணும்னா பெயின்ட்தான் அடிக்கோணும்" என்றார்.

கடையை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். கையில் அந்த இலை. பச்சை இலைதான், எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. வெளுத்திருக்கிறது என்று ஒருவர் வீட்டில் தினமும் சொல்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், தராசு மாதிரிப் பேசுகிறவர். ஓர் இலையின் நிறத்தில் போய்ப் பொய் சொல்வதற்கு ஒரு மனுஷனுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? இவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் அங்கேதான் முதலில் வந்தது. தொட்டியைப் பற்றிய கவலை அன்றைக்கே பின்னால் போய்விட்டது. என்னிடம் மறைக்கிற அளவுக்கு அவருக்கு என்ன வந்தது என்பதுதான் அதன்பிறகு என் கவலை.

ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் பழைய விடைத்தாள்களை எல்லாம் திரும்ப எடுத்துத் திருத்துவது மாதிரிதான். எல்லாவற்றிலும் தப்பு தெரியும்.

பட்டறையிலிருந்து முன்பெல்லாம் ஊர் அடங்குகிற நேரத்துக்குத்தான் வருவார். இப்போது பொழுது இறங்குவதற்கு முன்னாலேயே வீட்டில் இருந்தார். தப்புச் செய்கிற ஆம்பிளை லேட்டாக வருவான், இது ஊருக்கே தெரியும். இவர் சீக்கிரம் வருகிறார். எனக்குத் தெரிந்த எந்தத் தப்பிலும் இந்தக் கணக்கு சேரவில்லை. அதனாலேயே பயம் அதிகமானது.

காலையில் என்னை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். முன்பு சத்தி ரோட்டிலேயே நேராகப் போவோம். இப்போது சந்து சந்தாகப் புகுந்தார். "ஏனுங்க, இப்படிச் சுத்திட்டுப் போறீங்க?" என்றால், "ரோட்டுல கூட்டம்" என்பார். எந்தச் சந்திலும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். யாருக்கோ சிக்னல் கொடுக்கிறாரோ என்று ஜன்னல்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

போன் இன்னொன்று. மெசேஜ் வந்தால் எடுத்துப் பார்ப்பார், "அது கெடக்குது" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பதில் சொல்வதாக இருந்தால் வாசலுக்குப் போய், போன் போட்டுப் பேசித்தான் சொல்வார். அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். வெட்கப்படவில்லை, அன்றைக்கு இருந்த மனநிலையில் யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். ஒன்றுமில்லை. ஒன்று கூடத் திறந்து படிக்கப்படாமல் மெசேஜ்கள் வரிசையாகக் கிடந்தன. மகள் அனுப்பியதும் அப்படியே. பெற்ற பிள்ளை அனுப்பியதைக் கூடப் படிக்காமல் இருக்கிற அளவுக்கு இந்த மனுஷனின் மனசு எங்கே போயிருக்கிறது?

எல்லாவற்றையும் விட என்னை அறுத்தது புடவை விஷயம்தான். மேட்டுப்பாளையத்தில் சொந்தத்தில் ஓர் ஒறம்பரை வீட்டு நிச்சயம். கார் இருந்தும் பஸ்ஸில் போகலாம் என்றார், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நான் சங்குப்பூ நீலப் பட்டு கட்டியிருந்தேன். மகள் கல்யாணத்துக்கு, கடையில் இருந்த அத்தனையையும் புரட்டிப் போட்டு, அவரே எனக்கென்று எடுத்துக் கொடுத்தது. கட்டிக்கொண்டு வந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்பக் கருப்பு எதுக்கு அம்மணி?"

உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தானே எடுத்துக் கொடுத்த புடவையே ஒருவருக்கு ஞாபகம் இல்லை என்றால், அதைக் கட்டியிருக்கிறவள் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறாள்? நிச்சயத்தில் என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்து வந்ததுதான் கண்ணாடியில் இருந்த கை ரேகை. தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி முழுக்க விரல் பட்ட தடம், மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக. வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. வேலைக்கு ஆளும் கிடையாது. நான் துடைத்து வைப்பேன், மறுநாள் திரும்ப இருக்கும்.

ஒரு லீவு நாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மத்தியான வெளிச்சம், மூன்று விளக்கும் எரிகின்றன. அவர் தொட்டி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்பக்கக் கண்ணாடியை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார். பிறகு வெளிப்பக்கம். அப்புறம் ஒவ்வோர் இலையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தார். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பட்டறையில் ஷாஃப்ட் கடைந்து முடித்ததும் அளவுக் கருவியை எடுப்பதற்கு முன் அப்படித்தான் தடவுவார். எங்கே சொரசொரப்பு, எங்கே மேடு என்று விரல் சொல்லிவிடும் என்பார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் முகம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அது தொட்டியைப் பார்க்கவில்லை. டி.வி. பக்கம் திரும்பியிருந்தது, டி.வி.யோ அணைந்திருந்தது. அந்த முகத்தில் சாந்தமான சாந்தம்.

பரீட்சை அறையில் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பீங்கான் தட்டு ஒன்றை எடுத்தேன். தொட்டியிலிருந்து நல்ல பச்சை இலை ஒன்றையும், அடியில் பழுத்து மஞ்சளாகி நின்ற இலை ஒன்றையும் கிள்ளி, ஈரத்தைத் துடைத்து, வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் முன்னால் நீட்டினேன்.

"ஏனுங்க, இதுல எது வெளுத்த எல?"

"என்ன அம்மணி, வெளையாட்டா?"

"சொல்லுங்க."

சிரித்தார். தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். கை தானாக இலைகளின் மேல் போனது. பச்சை இலையைத் தொட்டார், விறைப்பாக இருந்தது. பழுத்ததைத் தொட்டார், தளர்ந்து கிடந்தது. "இது" என்று பழுத்ததைத் தூக்கிக் காட்டினார். சரியான விடை. முகத்தில் பாஸாகிவிட்ட நிம்மதி.

"கையப் பின்னால கட்டிக்குங்க" என்றேன். இலைகளை இடம் மாற்றி வைத்தேன். "இப்பக் கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அவர் கட்டிக்கொள்ளவில்லை. தட்டைப் பார்த்தார். குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு இலையில் படுகிற அளவுக்கு. தொட்டியின் மோட்டார் மட்டும் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் தப்பாகவாவது ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு இருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். "எல்லாமே ஒண்ணாத்தான் இருக்குது. அரப்புக் கரைச்ச கலங்கல் தண்ணிக்குள்ள இருந்து பாக்கற மாதிரி."

"எப்பத்திருந்துங்க?"

"தெரியல. மொதல்ல லைட்டுதான் மங்கிப் போச்சுன்னு நெனச்சேன். மெய்யாலுமே அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாவது மாட்டியும் அப்படியே இருந்துச்சு. மூணாவது மாட்டுனப்பத்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சும் சொல்லாம இருந்திருக்கறீங்க."

காரணம் மெதுவாகத்தான் வந்தது. அவருடைய பெரியப்பாவுக்கு எப்போதோ கண்ணில் ஆப்பரேஷன் செய்து, அது சீழ் பிடித்து, பார்வையே போய்விட்டதாம். தோட்டத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாராம். அதைப் பார்த்து வளர்ந்தவர். அப்புறம் பட்டறை. "கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் அம்மணி நம்மகிட்ட வேலை குடுப்பான்? அளவெல்லாம் இப்ப ஃபோர்மேன் பாத்துக்கறாரு. நான் தடவிப் பாத்துச் சொல்லிருவேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, கோபம்தான் முந்திக்கொண்டது.

"பட்டறைய உடுங்க. தெனமும் காலையில என்னையப் பின்னால உக்கார வெச்சு வண்டி ஓட்டுனீங்களே?"

"பழகுன வழிதானே. கண்ணக் கட்டி உட்டாலும் போவேன்."

"கட்டித்தானுங்களே உட்டிருக்குது!"

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சந்து சந்தாகப் போனது, ஆளில்லாத மூலையில் ஹார்ன் அடித்தது, இருட்டுவதற்குள் வீடு திரும்பியது, படிக்காத மெசேஜ், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தட்டில் விழுந்தன. வேறொரு பொம்பளையைத் தேடி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகில் இருந்த பயம் தெரியவில்லை. அவர் மேல் இருந்த ஆத்திரம் அடங்கிய பாடில்லை. ஆனாலும் அவர் இன்னும் என்னுடையவர்தான் என்று தெரிந்ததில் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இதை மறைப்பானேன்.

"அந்தப் பொடவை கருப்பு இல்லீங்க" என்றேன்.

"எந்தப் பொடவை?"

"நிச்சயத்துக்குக் கட்டுனது. நீங்க எடுத்துக் குடுத்த நீலம்."

"அதுவா அது?" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

கண் டாக்டரிடம் அவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், ஆட்டோவில். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றியிருந்தது, அவருக்கு இருந்த சர்க்கரை வியாதி வேறு அதைச் சீக்கிரம் கொண்டுவந்திருந்தது. "பழைய டியூப்லைட் மூடி மஞ்சளாப் போகும் பாருங்க, அந்த மாதிரி கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிருச்சு. எல்லாம் வெளுத்தும் மங்கியும்தான் தெரியும். நீலம் கருப்பாத் தெரியும். எங்க போனாலும் வெளிச்சம் பத்தாத மாதிரியே இருக்கும்" என்றார் டாக்டர். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த இரும்புச் சத்துப் பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. செடிக்கு எந்தக் குறையும் இல்லை. பச்சையாக நின்ற செடிக்குத்தான் இவர் நாளும் பொழுதும் மருந்து ஊற்றியிருக்கிறார்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்த பிறகும் சந்தேகம் என்னை விட்டுவிடவில்லை. இப்போது பெரியப்பாவின் கதை எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் வைக்கப் போகிற லென்ஸின் பெட்டியில் போட்டிருந்ததை எல்லாம் படித்தேன். நர்ஸ் கை கழுவினாளா என்று பார்த்தேன். சொட்டு மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். டாக்டர் ரொம்பச் சாதாரணமாகப் பேசுகிறாரே என்று அதற்கும் பயந்தேன். என் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். முதலில் வலது கண். இடது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் கட்டுப் பிரிக்கப் போகும்போது அந்த நீலப் பட்டுப் புடவையையே கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் பட்டுப் புடவையில் வந்தவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், எனக்கு ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. ஆனால் கட்டைப் பிரித்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். வெளிச்சம் அடிக்குமாம், வீட்டுக்குள் போய்க் கழற்றிக்கொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்தோம். நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். எதிரில் தொட்டி, மூன்று விளக்கும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலில் அதைத் தொட எனக்கு நேரம் ஏது? அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன அம்மணி, தொட்டி இப்படிப் பாசி புடிச்சுக் கெடக்குது? யாரு பாத்துட்டு இருந்தா?"

நான் கறுப்புக் கண்ணாடியை மடித்து மேசையில் வைத்தேன்.

"இத்தன லைட்டு எதுக்கு? கண்ணு கூசுதே. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ எதையாச்சும் ஊத்திப் போட்டயா?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைச் சந்தேகப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. எழுந்து போய் இரண்டு விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். டைமரைப் பழையபடி திருகி வைத்தார். இரும்புச் சத்துப் பாட்டிலை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தார். கட்டைக்கு அடியிலிருந்து ஒரு மீன் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீலம்" என்றார். "நான் எடுத்துக் குடுத்ததுதானே அது."

பாஸ். ஆனால் அவர் அதோடு விடவில்லை. கிட்டே வந்து, சோதித்துப் பார்க்கிற ஆசையில், புதுக் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஆப்பரேஷன் ஆகாத கண்ணால் என்னைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுல நீ மஞ்சப் பூசிக் குளிச்சுட்டு வந்தாப்புல இருக்கற."

"அந்தக் கண்ணுலீங்க?"

கையை மாற்றினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நேரம் எதற்கு என்று எனக்கு உறுத்தியது.

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சே அம்மணி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கண்ணுக்குக் கீழ கருத்துக் கெடக்குது. நெம்ப எளைச்சுப் போயிருக்கற. இது எப்பத்திருந்து?"

"நீங்க ரெண்டாவது லைட்டு மாட்டுனதுல இருந்துங்க."

அவர் மறுபடியும் புதுக் கண்ணை மூடிக்கொண்டார். பழைய கண்ணாலேயே என்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்தக் கண்ண ஆப்பரேசன் பண்ணாம இப்படியே உட்டரலாமா?"

விளையாட்டுக்குக் கேட்டாரா, பெரியப்பாவை நினைத்துப் பயந்து கேட்டாரா, இல்லை நிஜமாகவே அந்த மஞ்சள் முகத்தை விட மனசில்லாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்தக் கண்ணுக்கும் நாள் வாங்கினேன்.